பால் ஊற்றும் வெள்ளிக்கிழமை

அடுப்பங்கரையில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை கூடத்தைக் கடந்து, நெற்குதிர் நின்ற உள்ளறைக்குள் நுழைந்து, கயிற்றுக் கட்டிலில் கிடந்த சம்பங்கியை எட்டியபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. அது காப்பிக்குக் காய்கிற பால் அல்ல. வந்திருக்கும் உறவினர் ஒவ்வொருவரும், குழந்தைக்குப் புகட்டும் மூக்கு வைத்த பாலாடையில் எடுத்து, அவள் வாயில் ஊற்றி, அவளை இந்த உலகத்திலிருந்து வழியனுப்பி வைப்பதற்காகக் காய்கிற பால்.

அவள் சாகவில்லை. சாகப்போகிறவள் என்று தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது. தீர்ப்பைச் சொன்னவர்கள் கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். யாருக்காகச் சொன்னார்களோ அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூடத்திலிருந்து கரியப்பனின் குரல் கேட்டது. கரியப்பன் அவளுடைய மாமனாரின் தம்பி. அந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் நாள் குறிப்பவர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, உயிர் இன்றைக்கே அடங்கியாக வேண்டும் என்று அவர் வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். விடிந்தால் சனி. சனிக்கிழமை போகிற உயிர் துணைக்கு இன்னொரு உயிரைக் கேட்கும். போன தலைமுறையில் இதே வீட்டில் அப்படி இரண்டு பாடை அடுத்தடுத்து எழுந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஆகவே பொழுது சாயுமுன் பாலை ஊற்றிவிட வேண்டும். இழுத்துக்கொண்டு கிடக்கும் உயிருக்கு அதுதான் புண்ணியம். இருக்கிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதில் ஒருவருக்கும் பகை இல்லை. சம்பங்கியின் நெஞ்சை உறைய வைத்தது அந்தப் பகையின்மைதான். பகைவன் கையில் கத்தியைக் கண்டால் கூச்சலாவது போடலாம். அன்போடு கண்ணீர் வடித்துக்கொண்டு பாலாடையோடு வருகிறவர்களிடம் என்னவென்று சொல்லித் தப்புவது?

அவளுக்குத் தெரியும், அந்தப் பால்தான் அவளைக் கொல்லும் என்று. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அருள்செல்வி.

நோய் அவளிடம் வந்த வழியே விசித்திரமானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கேழ்வரகு விதைப்பு நடந்த பருவத்தில், வலது கண்ணில் புகை படர்ந்தது. வயலும் வரப்பும் மங்கின. சில வாரங்களில் தானாகவே தெளிந்தது. மாரியம்மன் கண் திறந்தாள் என்று கூழ் ஊற்றினார்கள். அடுத்த ஆண்டு கால்கள் பஞ்சின்மேல் நடப்பவைபோல் ஆயின. அதுவும் விலகியது. மூன்றாம் முறை வந்தபோது கால், கை, நாக்கு மூன்றையும் சேர்த்துப் பிடித்தது. வந்து வந்து போகும் நோய் அது. போனபோதெல்லாம் தெய்வத்துக்குப் புகழ் சேர்ந்தது. வந்தபோதெல்லாம் சம்பங்கிக்குப் பழி சேர்ந்தது. தீட்டோடு பொங்கல் வைத்தாள், நேர்ந்ததை மறந்தாள், பிள்ளையில்லாதவளின் ஏக்கம் பேயாய்ப் பிடித்தது என்று ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்தார்கள்.

அவள் கணவன் முனிவேல்தான் கட்டை வண்டியிலும் பஸ்ஸிலுமாக அவளை ராயக்கோட்டைக்கு அப்பாலிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே டாக்டர் அருள்ஜோசப் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்; உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார்; கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் உறை அங்கங்கே கரைந்து தழும்பாகிறது, நம் நாட்டில் அரிதான நோய், தீர்க்கும் மருந்து உலகத்தில் இன்னும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். முனிவேல் சுவரில் சாய்ந்து அழுதான். மருந்து இல்லை என்றால் வேலையே இல்லை என்று பொருள் அல்ல என்று சொல்லி அவர் நாலு பேரை அந்தக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க ஒரு நர்ஸ். கயிறு கட்டிக் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ள அவரே. நான்காவதாக, நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கும் அருள்செல்வி.

அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதை அந்த ஜில்லாவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. வார்டில் அவளுக்குக் கஞ்சி டாக்டர் என்று பெயர். அவள் கோபித்துக்கொள்வதில்லை. சென்னையில் உணவியல் படித்துவிட்டு வந்தவள், முப்பது வயதிருக்கும், நடையில் அவசரமும் பேச்சில் குறும்பும் உண்டு.

முதல் நாள் அவள் கட்டிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர் உங்க நரம்பைப் பாக்கறாரு. நர்ஸம்மா முதுகைப் பாக்கறாங்க. நான் உங்க தொண்டையைப் பாக்கப் போறேன். வெக்கப்படாம சாப்பிடுங்க."

டாக்டர் எழுதிவைத்திருந்தது நீராகாரம். பலவீனமான நோயாளிக்கு எங்கும் எழுதுவது அதுதான். மோர் கொடுத்தாள். சம்பங்கிக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கட்டியது. குரல் சேற்றில் கால் வைத்ததுபோல் சளசளத்தது. தண்ணீர் கொடுத்தாள். அதுவே நடந்தது. பிறகு அருள்செல்வி கேட்டது ஒரு வேடிக்கையான கேள்வி. வீட்டில், உடம்பு நன்றாக இருந்த காலத்தில், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். களி என்றாள் சம்பங்கி. அன்று மாலை ஆஸ்பத்திரிச் சமையலறையில் கேழ்வரகு மாவு கிளறப்பட்டது. கூழுக்குக் கெட்டி, களிக்கு இளக்கம். கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது. வழுக்கி இறங்க வேண்டும். மேலே கடைந்த கீரை. நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்லி, நெல்லிக்காயளவு உருண்டையை நாக்கில் வைத்தாள். ஒரு முறை விழுங்கு. வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மறுபடி ஒரு முறை விழுங்கு. இருமல் வரவில்லை.

அருள்செல்வி டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் மோரையும் பார்த்தார், களியையும் பார்த்தார். தாம் எழுதிய உத்தரவைத் தாமே அடித்தார். தொண்டையை மூடித் திறக்கும் நரம்புகளும் தளர்ந்திருக்கின்றன, நீர்போல ஓடுவது எதுவோ அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று முனிவேலுக்கு விளக்கினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அருள்செல்வி, முனிவேலின் விதவை அக்காள் ஜோதியம்மாளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். அந்த வீட்டின் சாவிக்கொத்தும் சமையலும் ஜோதியம்மாளுடையவை.

"இவங்களுக்குத் தண்ணிதான் எதிரி. பாலும் எதிரிதான். படுத்த வாக்குல ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும், காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தா கைகாலெல்லாம் துணி மாதிரி தொவண்டு போகும், கண்ணு மங்கும். அதைப் பாத்துட்டு முடிஞ்சுதுன்னு அழ ஆரம்பிச்சிராதீங்க. சூடு எறங்கினா தெம்பு திரும்பும். உடனே ஆள் அனுப்புங்க."

ஜோதியம்மாள் தலையாட்டினாள். மனமார ஆட்டினாள். குருபரப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊருக்குச் சம்பங்கி திரும்பியபின், மழைக்காலம் முழுக்க அவளுக்குக் களி கிளறிப் போட்டதும் ஜோதியம்மாள்தான். சம்பங்கியின் கன்னத்தில் சதை பிடித்தது; சுவரைப் பற்றிக்கொண்டு கொல்லை வரை போனாள்.

கெடுத்தது நோயல்ல. கௌரவம்.

தன் வீட்டில் பெண் பேசி முடித்த விசேஷத்துக்கு அழைக்க வந்த மங்கம்மா, கரியப்பனின் மனைவி, சம்பங்கியின் தட்டை எட்டிப் பார்த்தாள். அரிசிச் சோறு சாப்பிடும் குடும்பம் என்று சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கிய வீடு அது. களி என்பது களத்துமேட்டில் கூலியாளுக்கு உருட்டிப் போடுவது.

"குதிரு நெறைய நெல்லை வெச்சுக்கிட்டு நோவுக்காரிக்குக் களியா போடறீங்க? வெளில சொல்லிராத ஜோதி. தம்பி பொண்டாட்டி எப்ப சாவான்னு பாக்கறாங்கன்னு பேசுவாங்க."

அந்தச் சொல் ஜோதியம்மாளைத் தைத்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் சீரகச்சம்பா அரிசியைக் குழைத்து, வடித்து, நோயாளிக்குச் செரிக்க வேண்டும் என்று இன்னும் நீர்க்க வைத்து, பசும்பால் கலந்து புகட்டினாள். சம்பங்கி தலையை ஆட்டினாள், களி என்றாள். உன் வாய்க்கு உன் அருமை தெரியவில்லை என்று ஜோதியம்மாள் கண்கலங்கினாள். இருமியபோது தொண்டை வறண்டிருக்கிறது என்று மேலும் தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்தால் களைப்பாக இருக்குமென்று படுக்கவைத்தே கொடுத்தாள். மலையாய்க் குவிந்த அன்பு. அதில் கடுகளவும் கவனம் இல்லை. முனிவேல் அறுவடைக் களத்தில் கிடந்தான். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆண்பிள்ளையின் வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

காய்ச்சல் வந்தது. அருள்செல்வி சொன்னபடியே கைகால்கள் துவண்டன, கண் இருண்டது, நாக்கு மரக்கட்டையாயிற்று. சொன்னதை மட்டும் எல்லாரும் மறந்தார்கள். முனிவேலுக்குத்தான் கடைசியில் நினைவு வந்தது. அருள்செல்வியை அழைத்துவர இன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினான். ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போட்டிருந்தது அஞ்செட்டி மலைக்காட்டில்; பஸ் அத்தி பூத்தாற்போல் வரும் இடம். நாளை இருட்டுவதற்குள் அவன் திரும்பினால் அதிசயம். போய்வா என்று கரியப்பன்தான் முதுகில் தட்டி அனுப்பினார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் பாலுக்கு ஆளனுப்பியவரும் அவரே. அண்ணன் மகன் எதிரில் இதைச் செய்தால் அவன் மனம் தாங்காது என்று அதற்கும் ஒரு கருணையான காரணம் வைத்திருந்தார்.

அவர்கள் கவனிக்காத ஒன்று இருந்தது. விடியலிலிருந்து ஜோதியம்மாள் மாற்றி மாற்றிப் போட்ட ஈரத்துணி வேலை செய்திருந்தது. சூடு இறங்கியிருந்தது. சம்பங்கியின் இடக்கை விரல்கள் போர்வைக்குள் மெல்ல மடங்கி விரிந்தன. தலையை அசைக்க முடிந்தது. நாக்கின் ஓரத்தில் ஓர் எழுத்துக்கு மட்டும் உயிர் இருந்தது.

பால் ஆறிவிட்டது. அவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஜோதியம்மாள் கட்டிலில் ஏறி அமர்ந்து சம்பங்கியின் தலையை மடியில் வைத்துப் பின்னால் சாய்த்தாள். அப்படித்தான் சாய்ப்பது வழக்கம். தொண்டை மேட்டில் வெளிச்சம் விழுந்தது. வயதில் மூத்தவராகக் கரியப்பன் முதலில் வந்தார். போய்வா தாயே என்றார். பாலாடையின் மூக்கு அவள் உதட்டில் பட்டது.

முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்து. மிச்சமிருந்த வலிமையையெல்லாம் கழுத்துக்கு வரவழைத்துச் சம்பங்கி தாழ்த்தினாள். பல்லைக் கடித்தாள். பால் உதட்டோரம் வழிந்து காதுக்குள் ஓடியது.

மங்கம்மா ஊற்றினாள். வழிந்தது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தபடி, இரண்டு விரலால் அவள் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊற்றினார். அதில் கொஞ்சம் உள்ளே போயிற்று. மார்பு வெடிக்கும்படி இருமினாள். முகம் கறுத்தது. அறை மங்கி, வெகு தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. இன்னொரு பாலாடை அப்படிப் போனால் திரும்பி வராது என்பதை அவள் அறிந்தாள்.

பெண்களில் ஒருத்தி பின்வாங்கினாள்.

"பால் எறங்க மாட்டேங்குது. எதுவோ ஆசை நிக்குது."

அறையில் சலசலப்பு அடங்கியது. ஆசை நின்றால் அதைக் கேட்டுத் தீர்க்காமல் பால் ஊற்றக்கூடாது. தீராத ஆசையோடு போனவள் அந்த வீட்டு நிலைப்படியைவிட்டு நகரமாட்டாள். இதுவும் அவர்கள் சட்டம்தான். கரியப்பனின் நெற்றியில் வியர்வை அரும்பியது. நிலத்தின்மேல் ஆசையோ என்று மண்ணைக் கரைத்து நெற்றியில் தொட்டார்கள். தங்கத்தின்மேல் ஆசையோ என்று மங்கம்மாவின் வளையலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார்கள். சம்பங்கி அசையவில்லை. கடைசியில் ஜோதியம்மாள் குனிந்தாள். அவளுடைய கண்ணீர் சம்பங்கியின் புருவத்தில் விழுந்தது.

"என்னா வேணும் கண்ணு? இந்த அண்ணிகிட்ட சொல்லு."

"க…" என்றாள் சம்பங்கி. மூச்சுக் கூட்டினாள். "களி."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மங்கம்மாவின் முகம் சுருங்கியது. சோற்று வீட்டில் வாழ்ந்தவள் போகிற நேரத்திலா களி கேட்பாள் என்று ஒருவர் கேட்டார். ஆனால் கேட்டது கேட்டதுதான். மாவு வீட்டில் இல்லை. பண்ணையாள் மாரம்மா வீட்டிலிருந்து வாங்கிவந்தார்கள். ஜோதியம்மாள் கிளறினாள். கிளறும்போது கை தானாகவே பழைய பதத்தைத் தேடிற்று: கூழுக்குக் கெட்டி, களிக்கு இளக்கம்.

"நிமித்து" என்றாள் சம்பங்கி. நிமிர்த்தினார்கள். முகவாயைத் தாழ்த்தினாள். நெல்லிக்காயளவு உருண்டை நாக்கில் இறங்கியது. விழுங்கினாள். வெறும் வாயோடு மறுபடி விழுங்கினாள். இருமல் இல்லை. இன்னொன்று. இருமல் இல்லை. இன்னொன்று.

ஜோதியம்மாளின் கை நடுவில் நின்றது. அவள் கண் களிச்சட்டியைப் பார்த்தது. பால் நனைந்த தன் மடியைப் பார்த்தது. மறுபடி சட்டிக்கு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து அருள்செல்வி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குள் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும். எத்தனை வேளை, எத்தனை செம்பு, தன் கையாலேயே.

கரியப்பன் சொன்னார்.

"ஆசை தீந்துது. பொழுது எறங்குது. பாலை எடு ஜோதி."

சம்பங்கியின் தொண்டை களைத்துவிட்டிருந்தது. களைத்த தொண்டையில் அடுத்த கவளம் வைக்காதீர்கள், அதுவும் ஆபத்து என்று அருள்செல்வி எச்சரித்திருந்தாள். இன்னும் களி கேட்டுக் காலத்தை நீட்ட முடியாது. பாலாடையில் பால் நிரம்பும் ஓசை கேட்டது. எந்த விதியால் அவளைக் கொல்கிறார்களோ அந்த விதியைத் தவிர அவளிடம் வேறு ஆயுதம் இல்லை. அவள் நாக்கைப் புரட்டினாள்.

"நா… நாளைக்கும்" என்றாள். "நாளைக்கும் களி வேணும்."

பாலாடை அந்தரத்தில் நின்றது.

நாளைய ஆசையை இன்று தீர்க்க எந்தச் சாத்திரத்திலும் வழியில்லை. தீர்க்காமல் ஊற்றினால் பேய். நாளை தீர்த்துவிட்டு ஊற்றினால் சனி. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பயங்களும் ஒன்றோடொன்று கொம்பு கோத்துக்கொண்டு நின்றன; நடுவே ஒரு பெண்ணுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

"கேட்டீங்களா சித்தப்பா?" ஜோதியம்மாளின் குரலில் அதுவரை அந்த வீடு கேட்டிராத ஏதோ இருந்தது. "நாளைக்குக் கேக்குது. மீறி ஊத்தினா இந்த வூட்டுல ராத்திரி யாரு படுக்கறது? நீங்க படுக்கறீங்களா?"

ஜோதியம்மாள் அவர் கையிலிருந்த பாலாடையை வாங்கினாள். களிச்சட்டியைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து, சம்பங்கி சரியாமலிருக்க அவள் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தன் முதுகில் இன்னொரு முதுகின் சூட்டை உணர்ந்தபடி சம்பங்கி கண்ணை மூடாமலிருந்தாள். அஞ்செட்டிப் பாதை நீளமானது. முனிவேல் முகாமைக் கண்டுபிடிக்க வேண்டும். அருள்செல்வி கிளம்ப வேண்டும். பஸ் வர வேண்டும். அதுவரை ஆசைப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்தவர்கள் ஊர் திரும்பவில்லை. கூடத்தில் பாய்கள் விரிந்தன. கரியப்பன் வாசலில் நின்று பால்காரனிடம், சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவா என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. வெட்டிவந்து முற்றத்தில் போட்டிருந்த பாடை மூங்கில்கள், பச்சை, வெயில் பட்டால் வெடித்துவிடும். இரண்டு நாளைக்குத் தாங்க வேண்டுமே என்று யாரோ அவற்றை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.